சேதி சொல்லப் போனவர்கள்

2022 செப்டம்பர் 10, சனிக்கிழமை மதியம் மூன்றரை மணி இருக்கும். எலிசபெத் ராணி இறந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. ஊருக்குப் போயிருந்தேன். நைனா கட்டிலில் சாய்ந்தபடி டிவி பார்த்துக்கொண்டிருந்தார். லண்டனில் செயின்ட் ஜேம்ஸ் அரண்மனையின் மாடத்தில் சிலர் வந்து நின்றார்கள். சிவப்பும் நீலமும் தங்கமுமாகச் சீட்டுக்கட்டு ராஜா போட்டிருப்பதைப் போன்ற அங்கி. எக்காளம் ஊதினார்கள். நடுவில் நின்றவர் ஒரு தாளை விரித்து, புதிய அரசர் சார்லஸ் என்று உரக்கப் படித்தார்.

"யார்ரா இது? கட்டியக்காரனா?" என்றார் நைனா.

"ஆமா நைனா. அங்க ஹெரால்ட்னு சொல்லுவாங்க."

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்: "அந்தம்மா செத்ததயும் இவரு தான் போய் சொல்லியிருப்பாரு, இல்ல? நம்ம வேல தான் அது."

எனக்குச் சட்டென்று என்ன சொல்வதென்று தெரியவில்லை. அம்மா அடுப்படியில் இருந்தார். தெருக்கதவு திறந்திருந்தது. யாராவது கேட்டிருப்பார்களோ என்றுதான் முதலில் பார்த்தேன். ஐம்பது வயதான எனக்கு அப்படித் திரும்பிப் பார்க்கத் தோன்றியது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

திருவண்ணாமலையைச் சுற்றியுள்ள கிராமங்களில் ஒன்று எங்களுடையது. என் தாத்தா சாவு சேதி சொல்லப் போனவர். ஊர்ப் பெரிய வீடுகளில் யாராவது இறந்துவிட்டால் எங்கள் தெருவுக்கு ஆள் வரும். தாத்தா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். இறந்தவரின் சம்பந்திகள், பங்காளிகள், கட்டிக்கொடுத்த பெண்கள் எந்தெந்த ஊரில் இருக்கிறார்களோ அங்கெல்லாம் நடந்துபோய்ச் சொல்ல வேண்டும். அது சம்பளத்துக்குச் செய்யும் வேலை இல்லை. எங்கள் சாதிக்கு என்று விதிக்கப்பட்டது. அறுப்புக் காலத்தில் களத்தில் கொஞ்சம் நெல், சேதி சொன்ன வீட்டில் சில்லறையோ கூழோ. நைனா பத்து வயதிலிருந்து தாத்தாவுடன் போயிருக்கிறார்.

நான் இதை யாரிடமும் சொன்னதில்லை. கல்லூரி விடுதியில் தாத்தா என்ன செய்தார் என்று ஒருமுறை பேச்சு வந்தது. "தெருக்கூத்துல கட்டியக்காரன் வேஷம் கட்டுவார்" என்றேன். எங்கள் மாவட்டத்தில் அது நம்பக்கூடிய பொய். செய்யாறு பக்கத்துப் புரிசை கூத்துக்குப் பேர் போன ஊர். கட்டியக்காரன்தான் கூத்தில் முதலில் வருகிறவன். ராஜா வருவதை அறிவிப்பான், திரைக்குப் பின்னால் நிற்பவரை யார் என்று கேட்பான், அப்புறம் அதே ராஜாவைக் கிண்டலும் செய்வான். நண்பர்கள் ரசித்தார்கள். தாத்தா கூத்து பார்த்தது உண்டு, ஆடியதில்லை.

அன்று இரவு நைனா சொன்னதை நினைத்துக்கொண்டே ஹெரால்டுகளைப் பற்றித் தேடிப் படித்தேன். கல்லூரி நூலகத்தில் வேலை பார்ப்பவனுக்குத் தேடுவது பழக்கம்தான்.

ஐரோப்பாவில் பன்னிரண்டாம் நூற்றாண்டில் வீரவிளையாட்டுப் போட்டிகளில் ஆட்களை அறிவிக்கிறவர்களாகத் தொடங்கியிருக்கிறார்கள். இரும்புத் தொப்பி முகத்தை மூடிவிடும். கேடயத்தில் வரைந்திருக்கும் சிங்கத்தையோ கழுகையோ பார்த்து, வந்திருப்பவர் இன்னார் என்று சொல்ல ஒருவர் வேண்டும். அப்படிச் சின்னங்களை நினைவில் வைத்திருந்தவர்களே ஹெரால்டுகள். பிறகு அரசர்களுக்கிடையே தூது போனார்கள். போர்க்களத்தில் அவர்கள்மீது கை வைக்கக் கூடாது என்பது இரு தரப்பும் ஒப்புக்கொண்ட வழக்கம்.

சண்டை முடிந்ததும் அவர்களுக்கு இன்னொரு வேலை இருந்தது. களத்தில் கிடக்கும் பிணங்களைச் சின்னம் பார்த்து அடையாளம் கண்டு, செத்தவர் யார் யார் என்று கணக்கெடுப்பது. 1415இல் அஜின்கோர்ட் போரில் இரண்டு நாட்டு ஹெரால்டுகளும் களத்தைக் கவனித்துக்கொண்டிருந்தார்கள். சண்டை ஓய்ந்ததும் இங்கிலாந்து அரசன் ஐந்தாம் ஹென்றி, பிரெஞ்சுத் தலைமை ஹெரால்டான மோன்ஜுவாவைக் கூப்பிட்டு, வெற்றி யாருக்கு என்று கேட்டதாகப் பழைய வரலாற்று நூலில் இருக்கிறது. ஜெயித்தவன் தோற்ற பக்கத்து ஆளிடம் கேட்கிறான். அவன் பொய் சொல்ல மாட்டான் என்ற நம்பிக்கை.

இன்றும் லண்டனில் செயின்ட் பால் தேவாலயத்துக்குப் பக்கத்தில் 'காலேஜ் ஆஃப் ஆர்ம்ஸ்' என்று அவர்களுக்கு ஒரு நிறுவனம் இருக்கிறது. 1484இல் மூன்றாம் ரிச்சர்ட் அதற்குச் சாசனம் கொடுத்தான். நிரந்தரப் பதவி பதிமூன்று பேருக்கு. மேலே மூன்று 'கிங் ஆஃப் ஆர்ம்ஸ்', அவர்களில் மூத்தவர் கார்ட்டர். அடுத்து வின்ட்ஸர், செஸ்டர், லங்காஸ்டர், யார்க், ரிச்மண்ட், சாமர்செட் என்ற பெயர்களில் ஆறு ஹெரால்டுகள். கீழ்ப்படியில் நான்கு பேர். 'ரூஜ் டிராகன்', அதாவது செந்நாகம், என்றுகூட அதில் ஒரு பதவிக்குப் பெயர். அரசு தரும் சம்பளத்தைப் படித்தபோது சிரிப்பு வந்தது. 1618இல் நிர்ணயித்து, 1830களில் நான்காம் வில்லியம் குறைத்த தொகை. கார்ட்டருக்கு வருஷத்துக்கு 49 பவுண்டு ஏழு பென்ஸ். சாதாரண ஹெரால்டுக்கு 17 பவுண்டு எண்பது பென்ஸ். குடும்பச் சின்னம் வரைந்து கொடுப்பது, வம்சாவளி தேடித் தருவது ஆகியவற்றுக்கு வாங்கும் கட்டணத்தில்தான் அவர்கள் வாழ்கிறார்கள்.

1530 முதல் 1688 வரை ஹெரால்டுகள் ஊர் ஊராகச் சுற்றுப்பயணம் போயிருக்கிறார்கள். ஒவ்வொரு பிரபு வீட்டிலும் யாருக்கு யார் மகன், எந்தப் பெண்ணை எங்கே கட்டிக்கொடுத்தது என்று விசாரித்துக் குறித்துக்கொண்டார்கள். உரிமை இல்லாமல் சின்னம் வைத்திருந்தால் அழிக்கச் சொன்னார்கள். 1666இல் லண்டன் பெருந்தீயில் அவர்கள் கட்டடம் எரிந்துபோனது. ஏடுகளைக் காப்பாற்றிவிட்டார்கள். அவை இன்னும் இருக்கின்றன.

மறுநாள் காலை இதையெல்லாம் நைனாவிடம் சொன்னேன். வம்சாவளி எழுதிவைக்கிற பகுதியில் அவர் முகம் மலர்ந்தது.

"எங்க நைனாவுக்கு எழுதத் தெரியாது. ஆனா சுத்துப்பட்டு அம்பது ஊர்ல எந்த வூட்டுப் பொண்ணு எங்க வாக்கப்பட்டுக்கிதுன்னு கேட்டா நின்ன எடத்துலயே சொல்லுவாரு. மூணு தலமொற சொல்லுவாரு. சாவு வூட்டுக்காரங்களுக்கே மறந்து பூடும். 'ஆண்ட, கெழக்க உங்க அத்த மக இருக்குதே, அங்க சொல்ல வேணாமா?'ன்னு இவரு தான் எடுத்துக் குடுப்பாரு."

அப்புறம் சேதி சொல்வதற்கு இருந்த முறைகளைச் சொன்னார். நாற்பது வருஷமாக நான் கேட்காததால் அவரும் சொல்லாமல் இருந்தவை.

தனியாகப் போகக் கூடாது, இரண்டு பேராகப் போக வேண்டும். ராத்திரி நடை; ஒருவர் தடுக்கி விழுந்தாலும் சேதி போய்ச் சேர வேண்டும். வாசலுக்கு வெளியே நிற்க வேண்டும், தோளில் இருக்கும் துண்டை எடுத்து அக்குளில் வைத்துக்கொண்டு. இறந்தவரின் பேரைத் திருத்தமாகச் சொல்ல வேண்டும். எந்த ஊர், யார் வீடு, எப்போது எடுக்கிறார்கள் என்று சொல்ல வேண்டும். எப்படிச் செத்தார் என்று சொல்லக் கூடாது. "அது அவங்க வூட்டாளு வாயால வரணும். தூக்கு மாட்டிக்கினு செத்திருந்தாலும் நாம 'காலமாயிட்டாங்க'ன்னு தான் சொல்லணும்." கூட்டியும் சொல்லக் கூடாது, குறைத்தும் சொல்லக் கூடாது.

"அப்பால இன்னொண்ணு. அந்த வூட்ல சாப்புட்டுக்கினு இருந்தா சொல்லக் கூடாது. கை கழுவற வரிக்கும் நிக்கணும். சாவு சேதி கேட்டா சோத்த எறக்க முடியுமா? மழையா இருந்தாலும் நிக்கணும்."

"நிக்கறப்ப அவங்க பார்த்துட்டா?"

"பார்த்தா தெரிஞ்சிரும். அதனால செவுத்து ஓரமா மறஞ்சி நிப்போம்."

இப்படிக் காத்து நின்ற மனிதருக்கு அந்த வீடுகளில் சொம்பில் தண்ணீர் தரமாட்டார்கள். குவித்த கையில் மேலிருந்து ஊற்றுவார்கள். இதையும் நைனாதான் சொன்னார், அதே குரலில். இங்கிலாந்து ஹெரால்ட் அணிவது அரசனின் சின்னம் பொறித்த அங்கி. அதைப் போட்டிருக்கும்வரை அவன் அரசனின் குரல். என் தாத்தா தோளில் இருந்த துண்டையும் எடுத்துவிட்டுத்தான் பேச வேண்டியிருந்தது. வேலை ஏறக்குறைய ஒன்றே.

நம்மிடமும் இது எப்போதும் இப்படி இருந்ததில்லை. மதுரைக்காஞ்சியில் சூதர், மாகதர், வேதாளிகர் வருகிறார்கள். சூதர் நின்று ஏத்துவோர், மாகதர் இருந்து ஏத்துவோர் என்று உரைகாரர்கள் சொல்கிறார்கள். மணிமேகலையின் முதல் காதையே விழாவறை காதை. யானையின் பிடரியில் முரசை ஏற்றி, இந்திர விழா வருகிறது என்று ஒருவன் புகார் நகருக்கு அறிவிக்கிறான். அவன் தொன்மையான குடியில் பிறந்தவன் என்று காப்பியம் மரியாதையாகச் சொல்கிறது. அரசாணையை முரசறைந்து சொன்னவர்களுக்கு வள்ளுவர் என்று பெயர். இன்று வள்ளுவன் என்ற பெயர் தமிழ்நாட்டின் பட்டியல் சாதி வரிசையில் இருக்கிறது. யானைமேல் இருந்த முரசு, சேரித் தெருவில் தீயில் காய்ச்சும் பறையாக எப்போது ஆனது, சொல்கிறவன் எந்த நூற்றாண்டில் வாசலுக்கு வெளியே போனான் என்று யோசித்துப் பார்க்கிறேன். ஒரே நாளில் நடந்திருக்காது.

வெள்ளைக்காரன் தன் ஹெரால்டை இங்கேயும் கொண்டுவந்தான். 1911 டிசம்பர் 12, டெல்லி தர்பார். ஐந்தாம் ஜார்ஜின் பிரகடனத்தைப் படிக்க 'டெல்லி ஹெரால்ட்' என்றே ஒரு பதவியை உருவாக்கினார்கள். பெய்ட்டன் என்ற ராணுவ அதிகாரி அந்தப் பதவியில் இருந்தார். துணை ஹெரால்டாகப் பஞ்சாபைச் சேர்ந்த நிலப்பிரபு மாலிக் உமர் ஹயாத் கான். ஊர் ஊராகத் தமுக்கடித்துச் சேதி சொன்ன லட்சம் பேர் இருந்த நாட்டில், அந்த அங்கி ஒரு நிலப்பிரபுவுக்குப் போனது.

நைனா அந்த வேலையை விட்டது அவருடைய பதினெட்டாவது வயதில், 1962 வாக்கில். தாத்தாவின் அம்மா, எங்கள் கொள்ளுப்பாட்டி, ஒரு விடியற்காலையில் இறந்தார். அவரைக் குளிப்பாட்டிக் கிடத்துவதற்குள் பெரிய வீட்டிலிருந்து ஆள் வந்துவிட்டது. அங்கேயும் ஒரு சாவு. தாத்தா தன் அம்மாவின் தலைமாட்டிலிருந்து எழுந்து, துண்டை எடுத்துக்கொண்டு கிளம்பினார். வேறு வழி இல்லை. சுற்றியுள்ள ஊர்களுக்கெல்லாம் பெரிய வீட்டுச் சேதியைச் சொல்லிவிட்டு இரவு திரும்பினார். அந்த ஊர்களில் எங்கள் உறவுக்காரர்களும் இருந்தார்கள். ஆனால் ஒரு நடையில் ஒரு சாவைத்தான் சொல்ல வேண்டும். இன்னொன்றைக் கலந்தால் பெரிய வீட்டுச் சாவுக்குக் குறை. கொள்ளுப்பாட்டியை எடுத்தபோது அவருடைய சொந்தத் தம்பிகூட வரவில்லை. அவருக்குச் சொல்ல யாரும் போகவில்லை.

"அன்னிக்கி ராத்திரி நான் சொல்லிட்டேன், இனிமே இந்தக் காலு சாவு சொல்லப் போவாதுன்னு." கொஞ்ச நாள் அடியும் மிரட்டலும் இருந்தது. ஒரு வருஷம் யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. பிறகு நைனா நெடுஞ்சாலையில் சாலைப் பணியாளராகச் சேர்ந்தார். நாங்கள் படித்தது அந்தச் சம்பளத்தில்.

அடுத்த வருஷம் தைப்பூசத்துக்கு நைனா தானே கேட்டார். "என்ன ஒருதபா ஈசானிய கொளத்துக்குக் கூட்டிக்கினு போ."

ஏன் என்று எனக்குத் தெரியும். திருவண்ணாமலைக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த வல்லாள மகாராஜா கதை. மூன்றாம் வீர வல்லாளன் ஹொய்சள அரசன். துவாரசமுத்திரத்தை டெல்லிப் படைகள் 1311இலும் 1327இலும் தாக்கிய பிறகு, அவன் திருவண்ணாமலையை இருப்பிடமாகக் கொண்டு ஆண்டான். கோயிலில் வல்லாள கோபுரம் அவன் பேரில் நிற்கிறது. புராணக் கதையில் அவனுக்குப் பிள்ளை இல்லை. அண்ணாமலையாரே குழந்தையாக வந்து அவன் மடியில் கிடந்து, நானே உனக்கு மகன், உன் காரியங்களை நானே செய்வேன் என்று வாக்குக் கொடுக்கிறார். வரலாற்றில் அவனுக்கு விருபாட்ச வல்லாளன் என்று ஒரு மகன் உண்டு. இரண்டும் சேர்ந்தே இந்த ஊரில் இருக்கின்றன.

அவன் முடிவு கொடுமையானது. 1342 வாக்கில், எண்பது வயதில், கண்ணனூர்க் கொப்பத்தில் மதுரை சுல்தானின் படையோடு நடந்த போரில் பிடிபட்டுக் கொல்லப்பட்டான். அந்தச் சமயத்தில் மதுரைக்கு வந்த இபின் பதூதா, அவன் தோலை உரித்து வைக்கோல் திணித்து மதைரைச் சுவரில் தொங்கவிட்டிருந்ததைத் தன் கண்ணால் பார்த்ததாக எழுதியிருக்கிறார். எரிக்க உடல் கிடைக்காத சாவு.

தைப்பூசத்தன்று அண்ணாமலையார் மேளதாளத்தோடு ஈசானிய குளத்துக்குத் தீர்த்தவாரிக்கு எழுந்தருளுகிறார். அங்கேதான் வல்லாள மகாராஜா போரில் இறந்துவிட்டார் என்ற செய்தி சுவாமிக்குத் தெரிவிக்கப்படுகிறது. உடனே மேளம் நின்றுவிடும். சுவாமி தாளமில்லாமல், துக்கத்தோடு கோயிலுக்குத் திரும்புகிறார். பிறகு மாசி மகத்தன்று பள்ளிகொண்டாப்பட்டில் கௌதம நதிக்கரைக்குப் போய், வல்லாளனுக்கு மகனாகத் திதி கொடுக்கிறார். வருஷா வருஷம் நடக்கிறது. ஒவ்வொரு வருஷமும் முதல்முறை கேட்பதைப் போலவே அவருக்குச் சொல்ல வேண்டும்.

கூட்டத்தில் நைனாவால் முன்னால் போக முடியவில்லை. கரையில் ஒரு கடைப் படியில் உட்கார வைத்தேன். செய்தி சொல்லும் தருணத்தை நாங்கள் பார்க்கவில்லை. மேளம் நின்றது மட்டும் கேட்டது. காலையிலிருந்து காதை அடைத்துக்கொண்டிருந்த சத்தம் போய், ஜனங்களின் பேச்சும் காகமும் கேட்டன. நைனா தோளில் இருந்த துண்டை எடுத்து அக்குளில் வைத்துக்கொண்டார். யோசித்துச் செய்ததாகத் தெரியவில்லை.

"எல்லாம் தெரிஞ்ச சாமி. அதுக்கே ஒருத்தன் போய் சொல்லித் தான் ஆவணும், பாரு" என்றார். சுவாமி எங்களைக் கடந்து போனதும், "கொட்டு நின்னுச்சி பாரு, அது தான் மரியாத. எங்க ஆயாவுக்கு அது நடக்கல" என்றார்.

நைனா அதற்கடுத்த ஆவணியில் இறந்தார். தூக்கத்திலேயே போய்விட்டார். நான்தான் மூத்தவன். விடிவதற்குள் வாட்ஸ்அப்பில் அவர் படத்தைப் போட்டு, பேர், வயது, எடுக்கும் நேரம் எல்லாம் எழுதி எல்லாக் குழுக்களுக்கும் அனுப்பிவிட்டேன். கால் மணி நேர வேலை. அலுவலகத்திலிருந்து பேர் வந்தார்கள். சென்னையிலிருந்து நண்பர்கள் கார் எடுத்துக்கொண்டு வந்தார்கள். பறை அடித்தது. குறையில்லாமல் எடுத்தோம் என்றுதான் நினைத்தேன்.

மூன்றாம் நாள் பால் தெளித்துவிட்டு வந்து உட்கார்ந்தபோது அம்மா கேட்டார். "அந்தாண்ட ஊரு மாமாவுக்குச் சொன்னியா? உங்க நைனாவோட ஜோடி நடப்பாரே."

சொல்லவில்லை. அவரிடம் போன் கிடையாது. என் பட்டியல் முழுக்கப் போனில் இருந்தவர்கள். தாத்தா முழங்காலில் நீர் கட்டிப் படுத்தபோதெல்லாம் நைனாவும் அவரும்தான் ஜோடியாகப் போவார்கள். பத்து வயதிலிருந்து பதினெட்டு வரை அத்தனை இருட்டிலும் நைனாவின் பக்கத்தில் நடந்தவர். கொள்ளுப்பாட்டியின் தம்பிக்குச் சொல்லாமல் விட்டதைப் பற்றி அறுபது வருஷம் கழித்தும் ஆறாமல் பேசிய மனிதரின் சாவில், நான் அதையேதான் செய்திருந்தேன். என்னைத் தடுக்க எந்தப் பெரிய வீடும் இல்லை.

வெயில் ஏறியிருந்தது. பைக்கை எடுத்துக்கொண்டு போனேன். அவர் ஊர் எல்லையில் வண்டியை நிறுத்திவிட்டு, ஏனோ, நடந்தே போனேன். ஒரு சின்ன ஓட்டு வீடு. வாசல் திறந்திருந்தது. உள்ளே மாமா தரையில் உட்கார்ந்து கூழ் குடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் தட்டில் ஒரு பச்சை மிளகாய், இரண்டு வெங்காயம். முதுகு எனக்குக் காட்டியிருந்தது.

வாயைத் திறக்கப் போனவன் நிறுத்திக்கொண்டேன். சுவர் ஓரமாக நகர்ந்து நின்றேன். தோளில் துண்டு இல்லை, சட்டைதான் போட்டிருந்தேன். கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. நிதானமாகக் குடித்தார். வெங்காயம் கடிபடும் சத்தம் கேட்டது. வழியில் போன ஒரு பெண் என்னைப் பார்த்து "யாருங்க வேணும்?" என்றார். உதட்டில் விரல் வைத்துக் காட்டினேன். அவர் என்னையும் வீட்டையும் ஒருமுறை பார்த்தார். பிறகு எதுவும் கேட்காமல் போய்விட்டார்.

உள்ளே தண்ணீர் ஊற்றிக் கை கழுவும் சத்தம் கேட்டது. வாய் கொப்பளித்துத் துப்ப மாமா வாசலுக்கு வந்தார். என்னை அவர் பார்த்துப் பத்து வருஷமாவது இருக்கும். முகத்தை உற்றுப் பார்த்தார். அப்புறம் நான் நின்ற இடத்தைப் பார்த்தார். வாசலிலிருந்து விலகி, சுவரை ஒட்டி.

"எவ்ளோ நேரமா நிக்கற?"

"கொஞ்ச நேரமா தான் மாமா."

சொம்பைக் கீழே வைத்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்தார். வேறு எதுவும் கேட்கவில்லை. நைனாவின் பேரை, தாத்தாவின் பேரோடு சேர்த்துத் திருத்தமாகச் சொன்னேன்.